மஞ்சளைத் தாண்டிய அம்பு

டாக்டர் அறிக்கையை அவள் பக்கம் திருப்புகிறார். குடல் கிருமிகளின் சமநிலை கெட்டிருப்பதைக் காட்ட மூன்று பட்டைகள்: பச்சை என்றால் லேசு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கடுமை. அம்பு மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில் நிற்கிறது. “நல்ல கிருமியெல்லாம் அழிஞ்சிருக்கும்மா. அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தீங்களா?” அவள் பக்கத்து நாற்காலியை முறைக்கிறாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறான். “தும்மினா ஒண்ணு, இருமினா ஒண்ணு. வேணாம்னா, ‘ஊருக்கே மருந்து குடுக்கறவன், எனக்குத் தெரியாதா’ம்பாரு! பழைய மருந்தைக் கொண்டுவரச் சொன்னீங்களே, பாருங்க!” கைப்பையைக் கவிழ்க்கிறாள். காலி மாத்திரை அட்டைகள் சலசலத்து மேசையெங்கும் சரிகின்றன. அவள் வயிறு கடமுடவென்று உருள்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகிறது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவளிடம் நீட்டுகிறான். “இதைப் போடு, சட்டுனு கேக்கும்.”