ஊசியும் கையுமாக

“அங்கேயே நில்லு இட்வால்! ஒரு அடி எடுத்து வச்சே, போலீஸைக் கூப்பிட்டுருவேன்!”

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நெரிஸ் கத்தினாள். மூட்டுவலிக்காரி. ஸ்வான்சீ ஊரின் மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தின் முப்பது படிகளை அவள் இறங்கி நாலு வருஷமாகிறது. இன்று ஆத்திரம் அவளைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டி வந்தது.

தோட்டக் கொட்டகைக்குப் பின்னால், எல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம், பக்கத்து வீட்டு இட்வால் நின்றார். எழுபது வயது மனுஷன், சுவரேறிக் குதித்திருக்கிறார். கையில் ரப்பர் உறை, மாட்டுக்குப் போடுகிற அளவில் ஓர் ஊசி.

“என்ன அது? எங்க வீட்டுக்காரர் வச்ச ராஸ்பெர்ரிக்கு விஷமா?”

இட்வால் ஊசியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“போன வருஷம் பாதிச் செடி மஞ்சளாப் போச்சு. அதுக்கு முந்தின வருஷமும்தான். மழை ஜாஸ்தின்னு நெனச்சேன். நீதானா?”

“நான் போயிடறேன், நெரிஸ்.”

“உன் வீடு விக்கல, என் வீடு விக்கப் போகுது. வயித்தெரிச்சல்! வேறென்ன?”

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க நெரிஸுக்குத் திருப்தியாகவே இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இட்வால் தன் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார். அவர் மனைவி ஒல்வெனுக்கு இதயம் பலவீனம். மாடிப்படி இல்லாத வீடு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் பலகை காணாமல் போனது. எந்த விலையும் அவருக்குப் போதவில்லை என்று தெருவே பேசியது. அடுத்த குளிர்காலத்தில் ஒல்வென் மாடிப்படியிலேயே விழுந்து செத்துப்போனாள். ‘பேராசை பெண்டாட்டியைத் தின்னுடுச்சு’ என்று தேநீர்க் கடையில் சொன்னவள் நெரிஸ்தான்.

இப்போது அவளுக்கு வாங்க ஆள் கிடைத்துவிட்டது. கார்டிஃபில் மகள் லவ்ரியின் வீட்டுக்கு எதிரே தரைத்தள வீடு ஒன்று காத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் முடிந்தால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு யாருக்கோ.

மறுநாள் காலையில் இட்வால் வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“மண்ணைச் சோதிக்க ஆள் கூப்பிட்டிருக்கியாமே?”

“என்ன விஷம்னு ஆதாரம் இருந்தாத்தான் போலீஸ் கேஸ் எடுப்பாங்களாம். உன்னைச் சும்மா விட்டுட்டுப் போகமாட்டேன்.”

“ஆதாரம் எதுக்கு? நானே ஒத்துக்கறேன். விஷம் வச்சேன்னு எழுதித் தர்றேன். பேப்பர்ல கூடப் போடு. அந்த ஆளை மட்டும் வரச் சொல்லாதே.”

“பயமா?”

“ஆமா. ரொம்பப் பயமா இருக்கு.”

நெரிஸ் கதவைச் சாத்தினாள். மனசு குளிர்ந்தது.

வியாழக்கிழமை மண்ணைச் சோதிக்கிற ஆள் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பு. கொட்டகைக்குப் பின்னால் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் தோண்டினார். ஒரு வேர்த்துண்டை எடுத்து ஒடித்தார். உள்ளே காரட் நிறம்.

“ராஸ்பெர்ரிக்கு ஒண்ணுமில்லை, மிஸஸ் ஹவெல்ஸ். மருந்து தெறிச்சதுல நாலு இலை வாடியிருக்கு. ஊசி போட்டது இதுக்கு.”

“என்ன இது?”

“ஜப்பான் களை.”

நெரிஸ் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பிளந்து வருகிற சனியன். அது முளைத்த வீட்டுக்கு வங்கிக்காரன் லேசில் கடன் தரமாட்டான் என்று ஸ்வான்சீயில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அவன் பக்கத்துலேர்ந்து வந்துருச்சா?”

“இல்லைங்க, தாய்வேர் இங்கதான் இருக்கு. இங்கேர்ந்துதான் சுவருக்கு அடியில நுழைஞ்சு அவர் பக்கம் போயிருக்கு. யாரோ விவரமானவர், வருஷா வருஷம் செப்டம்பர்ல தண்டு தண்டா களைக்கொல்லி ஊசி போட்டிருக்கார். முக்கால்வாசி செத்தாச்சு. இன்னும் ஒரு வருஷம் போட்டிருந்தா அடையாளமே இருந்திருக்காது.”

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

“வீட்டை வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லியாகணும். விற்பனைப் படிவத்துல இந்தக் களை இருக்கான்னு கேட்டிருப்பாங்களே, என்ன எழுதினீங்க?”

“தெரியாதுன்னு எழுதினேன். சத்தியமா எனக்குத் தெரியாதே!”

“இன்னிக்குக் காலையில வரைக்கும் அது உண்மை. இனிமே அப்படி எழுதினா மோசடி.”

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வாங்க வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். லவ்ரி போனிலேயே அழுதாள்.

நெரிஸ் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிச் சுவர் வரைக்கும் போனாள். அந்தப் பக்கம் இட்வால் இருந்தார்.

“மூணு வருஷம் என் தோட்டத்துக்குள்ள வந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, இட்வால்? நேத்து முந்தாநாள் வாசல்ல நின்னியே, அப்பவாவது?”

அவர் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“எங்களுக்கும் அதே படிவம் வந்துச்சு. எங்க பக்கம் முளைச்ச களையை நான் பார்த்துட்டேன். ‘உள்ளதை எழுதுங்க’ன்னு ஒல்வென் சொன்னா, எழுதினேன். வாங்க வந்தவங்க அன்னிக்கே போயிட்டாங்க.”

“என் தோட்டத்துலேர்ந்து வந்ததுன்னு...”

“தெரியும். ஒல்வெனுக்கும் தெரியும்.”

நெரிஸ் அவர் வீட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்கிட்டச் சொல்லியிருந்தா, ஒண்ணு நீ பொய் எழுதணும், இல்லேன்னா ஒல்வென் மாதிரி படியேறியே சாகணும். ‘தெரியாது’ன்னு நீ உண்மையை எழுதட்டும்னுதான், நெரிஸ், நான் திருடன் மாதிரி சுவரேறினேன்.”