கிளாக்கரின் சிங்கக்குரல்

மடுல்சீமை மலையில் சிங்கக்குரல் ஒன்று உண்டென்றால், அது தேயிலைத் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் சிவஞானத்துடையதுதான். அதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால், தோட்டத்துக்கு மனேஜராக வந்த புதுத் துரைக்காக அவர் பதிவு செய்த வரவேற்புரை கசெட்டில் கீச்கீச்சென்று ஒலித்தது.

“மெசின் வேகமா ஓடுது. கொறைச்சு விடு,” என்றார், டேப் ரெக்கார்டரைப் பதுளையில் ரேடியோ திருத்தும் பாறூக்கிடம் நீட்டி.

“பாட்டெல்லாம் சரியாத்தானே சேர் பாடுது?”

“பாடுறவனுக்குத் தொண்டை சரியில்ல. நீ திருகு.”

பாறூக் மோட்டாரின் திருகாணியை மெல்லத் திருப்பினார். கீச்சுக்குரல் இறங்கி இறங்கிக் கர்ஜனையானது.

“இதுதான் நான்,” என்றார் கிளாக்கர்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் அதே மெசினில் அந்த உரையைக் கேட்டுத் துரை அசந்துபோனார்.

“யார் பேசினது?”

“நான்தாங்க துரை,” என்றார் சிவஞானம்.

துரை அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பேசியவரை அழைத்துவர ஆள் அனுப்பினார்.