நடுவுல மிஞ்சின பக்கம்

ஒரு கொலைக் கதைப் புத்தகத்த முன்னட்டையிலேர்ந்து ஒல்லிப் பூச்சியும் பின்னட்டையிலேர்ந்து குண்டுப் பூச்சியும் தின்னுக்கிட்டே வந்துச்சுங்க. பூச்சிங்க படிக்கிறதே அப்படித்தான். நடுவுல ஒத்தப் பக்கம் மிஞ்சினப்போ ரெண்டோட மீசையும் முட்டிக்கிச்சு.

"செம கதை மச்சி! டாக்டர் செத்துட்டாரு"ன்னுச்சு ஒல்லி.

"கொன்னது கம்பவுண்டர்டா"ன்னுச்சு குண்டு.

"அடப்பாவி, சொல்லித் தொலைச்சிட்டியே! சரி, எதுக்குக் கொன்னான்?"

"அதத்தான் நானும் தேடுறேன். இந்தப் பக்கத்துலதான் இருக்கணும். தள்ளு, தின்னுட்டுச் சொல்றேன்."

"போன புத்தகத்துக்கும் இதையேதான் சொன்ன. தின்னதும் தூங்கிட்ட!"

ரெண்டும் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க.

"டேய், கடிக்காம படிச்சுப் பாப்போமா?"ன்னுச்சு ஒல்லி.

குண்டு முழிச்சுச்சு. "அப்படிக்கூடப் படிக்கலாமாடா?"