ஜூலைக்கு ஓர் இடம்

"மணி ஏழு அம்பத்தெட்டு. காபியை அப்புறம் போடலாம், வந்து உக்காரு!" என்று கத்தினார் டேல். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரல் மவுஸ் மேல்.

லோர்னா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். வெளியே ஜனவரிப் பனி முழங்கால் உயரம் கிடந்தது. பக்கத்து வீட்டு வெர்னன் இவர்கள் வாசல் பனியையும் சேர்த்து வாரிக்கொண்டிருந்தான். டேல் படுத்ததிலிருந்து அந்த வேலை அவனுடையதுதான். அப்படி ஒரு அண்டை வீட்டுக்காரன் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

எங்கள் மிச்சிகனில் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைத்தாலும் கிடைப்பான், ஜூலையில் ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் போட இடம் கிடைக்காது. சரியாக ஆறு மாதம் முன்னால், காலை எட்டு மணிக்குப் பதிவு திறப்பார்கள். இரண்டே நிமிடத்தில் எல்லாம் போய்விடும்.

ஆறு மாதம். அதுதான் லோர்னாவை உறுத்தியது. ஏப்ரலைத் தாண்டுவது கஷ்டம் என்று போன வாரம் டாக்டர் போனில் சொன்னதை அவள் டேலிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. இருக்கிற நாளையாவது மனுஷன் சந்தோஷமாகக் கழிக்கட்டும்.

"எப்பவும் போற தனியார் முகாமுக்கே போயிடலாமே. அங்க நீச்சல் குளம் இருக்கு, கரண்டு இருக்கு," என்றாள்.

"இருபது வருஷமா அந்தக் குளத்துல ஊரான் பிள்ளைங்க மூத்திரத்துலதான் குளிச்சோம். இந்தப் பூங்காவை நாம கண்ணால கூடப் பாத்ததில்ல. போன ஜூலையும் என்னாலதான் கெட்டுது. நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன், நீ பாவம் தங்கச்சி வீட்டுல போய்க் கிடந்தே."

"பழசெல்லாம் இப்ப எதுக்கு? மெஷினுக்குக் கரண்டு வேணுமே, டேல்."

"ஜூலையில எனக்கு மெஷினே தேவைப்படாது, பாரு!"

லோர்னா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த நம்பிக்கையை உடைக்க யாருக்கு மனசு வரும்?

எட்டு. திரையில் பூங்காவின் வரைபடம் கட்டம் கட்டமாக விரிந்தது.

"முப்பத்தொண்ணு காலியா இருக்கு. பிடிச்சுடவா?"

"ஐயோ, அது வேண்டாம். விடியும்போதே வெயில் மூஞ்சியில அடிக்கும். முப்பத்திநாலைத் தட்டு, சீக்கிரம், எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்!"

டேல் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு முப்பத்திநாலைத் தட்டினார். கட்டம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது.

"கிடைச்சிடுச்சு!"

லோர்னா சின்னப் பெண்ணாகக் கைதட்டினாள். பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டு வழுக்கையில் முத்தம் கொடுத்தாள். ஜூலை பதினெட்டு அவர்கள் கல்யாண நாள்.

"எத்தனை பேர்னு கேக்குது. பெரியவங்க ரெண்டு. முதல் பேரு உன்னுது."

"என் பேரு எதுக்கு? எல்லாத்துலயும் உன் பேருதானே முதல்ல போடுவே?"

"வண்டியை நீதானே ஓட்டப் போறே? அங்க வாசல்ல நிறுத்தி அடையாள அட்டை கேப்பாங்க."

நியாயம்தான். அவர் இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க, லோர்னா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். பதிவு முடிந்ததாகத் திரையில் செய்தி வந்தது. டேல் மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை தெம்பாக அவரைப் பார்த்து மாதக்கணக்காகிறது.

"ரெண்டு பேரையும் சரியாப் போட்டியா? தப்பாப் போட்டா உள்ளே விட மாட்டாங்க," என்று செல்லமாக அவர் காதைத் திருகினாள் லோர்னா.

டேல் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"வெர்னன் பேரைப் போட்டிருக்கேன், இந்த வருஷமாவது நீங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சு போக வேண்டாம்."