தண்ணிக்கு அடியில் தெருவிளக்கு

கடலூருக்குத் தெற்கே, புயலன்று கடல் ஏறி வந்து கவுன்சிலர் குணவதியின் தெருவை முழுசாக எடுத்துக்கொண்டது. வீட்டில் படுத்திருந்த புருஷன் தேசிங்கும் தெருவோடு போய்விட்டார். அதன் பிறகு பேரூராட்சிக் கூட்டம் கூடும்போதெல்லாம் அவள் ஒன்றையேதான் கேட்டாள்: தெருவுக்கு விளக்கு.

“தெருவே இல்ல, கம்பத்த எங்கம்மா நடுறது?” என்றார் தலைவர் ஞானமூர்த்தி.

“தெரு இருக்குது மாமா. மேல தண்ணி நிக்குது, அவ்ளோதான்.”

“மீனுங்க வரி கட்டுமா?” என்றார் பக்கத்து வார்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்ததால் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிவிட்டு எழுந்தார்கள். கம்பமும் போகவில்லை, ஒயரும் போகவில்லை.

அந்த வாரமே, பொழுது சாய்ந்ததும் கடலுக்கு அடியில் வரிசையாக விளக்கு எரிந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் தலை நிமிராமல் கேட்டார். “இப்ப திருப்திதான?”

“திருப்திதான் மாமா. எங்க ஊட்டு வாசல்ல மட்டும் எரியல. அவரு வெளிய வந்து அண்ணாந்து பாத்துக்கினே நிக்கிறாரு.”

“பல்ப மாத்திடலாம்,” என்றார் தலைவர். “யாரு போறது?”

எல்லோரும் அவரவர் டீ கிளாஸைப் பார்த்தார்கள். குணவதி கையைத் தூக்கினாள்.