கிருமிக்கூலி

நானூற்றுப் பன்னிரண்டு டொலர் அறுபது சதம். செத்துப்போன மனைவி அன்னபாக்கியத்தின் பேரில் வைத்திலிங்கம் ஏரியைப் பராமரிக்கும் அரசாங்கக் கந்தோருக்குக் கட்டவேண்டிய பாக்கி அவ்வளவு. அவளுடைய சாம்பலைக் கடலில்தான் கரைத்திருக்க வேண்டும். கனடாவின் அந்த வடக்கு மூலையிலிருந்து கடல் நாலு நாள் தூரம் என்று, மூன்று வருடத்துக்கு முன் ஏரியில் கரைத்துவிட்டார். ஏரியில் கிருமிகளுக்குக் கூலி உண்டென்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"எரிச்சது ஒருக்கா, கரைச்சது ஒருக்கா. கூலி மட்டும் மாசாமாசமோ பிள்ளை?" என்று கந்தோரில் வேலை செய்யும் சுகிர்தாவோடு ஒவ்வொரு மாதமும் சண்டை பிடிப்பார்.

அவளும் அலுத்துப்போய் அதையே சொல்லுவாள். "அன்னபாக்கியம் அம்மான்ர எலும்பில இருந்த பொஸ்பரஸைப் பாசி தின்னுது ஐயா. பாசி செத்தால் கிருமி அதைப் பிரிச்சு விடுது. திரும்பவும் பாசி தின்னுது. அவ சுத்திக்கொண்டு இருக்குமட்டும் கிருமிக்கு வேலைதானே."

"உயிரோட இருக்கேக்கையும் அவ ஒரு இடத்தில இருந்தவவே?"

இன்றைக்கும் மீன் தொழிற்சாலையில் தரை கழுவிய ஈரச் சப்பாத்தோடு, பில்லைக் கசக்கிப் பிடித்தபடி வந்து நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் சுகிர்தா சொன்னாள்.

"இனிக் கட்டத் தேவையில்லை ஐயா. பனி உருகின வெள்ளத்தில கடைசித் துளியும் ஆத்தோட கடலுக்குப் போயிட்டுது. ஏரியில அவ இல்லை. பாக்கியைத் தள்ளுபடி செய்தாச்சு."

வைத்திலிங்கம் பில்லை மேசையில் வைத்து, சுருக்கம் போகத் தடவினார்.

"வடிவாப் பாரும் பிள்ளை," என்றார். "ஒரு சதமெண்டாலும் நிக்கும்."