நம்பர் இல்லாத காசு

நம்பினால் நம்புங்கள், ஒரு செல்போனுக்குள் ஒரு கிரிப்டோ காசு குடியிருந்தது. போன் உறையில், அவசரத்துக்கென்று செருகிவைத்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று. இரண்டுக்கும் முதுகோடு முதுகு உரசும் சிநேகம்.

காசுக்கு ஓயாத அழுகை. "நான் தையல்கார எஸ்தரம்மா காசு அண்ணே. மகளோட காது ஆபரேஷனுக்குச் சேர்த்தாங்க. திருடன் உருவிட்டான். போலீஸ் வந்தா என்னை அடையாளம் காட்டுங்க."

"உன் நம்பரைச் சொல்லுடா, போதும்," என்றது நோட்டு, தன் நம்பரைப் பெருமையாகத் தடவிக்கொண்டு.

"எங்க கூட்டத்துக்கு நம்பர் கிடையாதே. நாங்க கைமாறிப் போன வழி மட்டும் ஊருக்கே தெரியும்படி எழுதியிருக்கும்."

அந்த வழியைப் பிடித்துப் போலீஸும் வந்துவிட்டது. ஆனால் திருடன் ஊரார் காசையெல்லாம் ஒரே பையில் கொட்டிக் கலக்கி, அள்ளி அள்ளி விற்றவன். இந்த போன்காரரும் விவரம் தெரியாமல் அதில் ஒரு கைப்பிடி வாங்கியிருந்தார்.

"இதுல எஸ்தரம்மா காசு எது?" என்றது போலீஸ்.

உள்ளே இருந்த அத்தனையும் "நான்தான்" என்றன. பொய் சொல்வதாக ஒன்றுக்கும் தோன்றவில்லை. நம் காசு அப்போதுதான் சந்தேகத்தோடு நோட்டின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, நான் எஸ்தரம்மா காசுதானே?"

நோட்டு தன் நம்பரை இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டது. போலீஸ் எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனது. இடிந்துபோன போன்காரர், உறையிலிருந்து நோட்டை உருவிக்கொண்டு டீ குடிக்கப் போனார். கடைக்காரர் நம்பரைப் பார்க்காமலே கல்லாவில் போட்டார்.

உறை காலி என்பது தெரியாமல் காசு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது: "அண்ணே, சொல்லுங்கண்ணே, நான்தானே?"